நெற்றி சுரண்டிய பொம்மைகள்

கிருபாபாய் ஏழு தடவை கடல் தாண்டினாள். ஒரு தடவைகூட ஊர் பார்க்கப் போனதில்லை. வெள்ளைக்காரக் குடும்பங்கள் மதராஸிலிருந்து பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றலாகிப் போகும்போது, கைக்குழந்தையைக் கப்பலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலிக்கு வைத்துக்கொள்வார்கள். துறைமுகத்தில் குழந்தையை ஒப்படைத்ததும் வேலை முடிந்தது. திரும்புகிற கப்பலுக்கு மேல்தளத்து டெக் டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கப்பல் வரும்வரை எட்டு நாளோ பத்து நாளோ அவள் எங்கே இருப்பாள், என்ன சாப்பிடுவாள் என்று எந்தத் துரைசாணியும் கேட்டதில்லை.

புருஷன் காலரா கண்டு செத்தபோது கிருபாபாய்க்கு முப்பத்தாறு வயது. சித்தூர் மிஷன் பங்களாவில் பிள்ளை வளர்த்துப் பழக்கம் இருந்ததால் இந்த வேலை கிடைத்தது. முதல் பயணத்தில் கொடுத்த கூலியைக் காத்திருந்த நாட்களே தின்றுவிட்டன. வெறுங்கையோடு வீடு வந்தாள். இரண்டாவது பயணத்திலிருந்து பெட்டியில் சரக்கு வைக்கத் தொடங்கினாள். நகரித் தறித் துண்டுகள் கொஞ்சம். மீதி இடத்தில் திருப்பதிச் செஞ்சந்தன பொம்மைகள்.

அந்த பொம்மைகள் ஜோடியாகத்தான் விற்கும், நாமத்தோடு ஆண் ஒன்று, பொட்டோடு பெண் ஒன்று. பினாங்கில் குடியேறிய தமிழ்ப் பெண்கள் நவராத்திரிக் கொலுவில் முதல் படியில் அவற்றை வைப்பார்கள். கொலு முடிந்ததும் பெட்டிக்குள் போகாது. குழந்தைக்கு வீக்கமோ கட்டியோ வந்தால் பொம்மையின் காலைக் கல்லில் உரசிப் பற்றுப் போடுவார்கள். வருஷத்துக்கு வருஷம் பொம்மை குட்டையாகும், புதிது கேட்பார்கள். துண்டில் கிடைக்காத லாபம் இதில் கிடைத்தது. பெரிய லாபம் ஒன்றுமில்லை. அடுத்த அழைப்பு வரும்வரை அரிசி வாங்கலாம், அவ்வளவுதான்.

ஏழாவது பயணத்துக்கு முந்தின ஆவணியில், அவள் போகும் கிறிஸ்தவ சபையின் மூப்பர் ஒருவர் சித்தூர் ரயிலடியில் அவள் பெட்டி திறந்திருந்ததைப் பார்த்துவிட்டார். மறுநாளே போதகர் தேவானந்தம் ஐயர் வீடு தேடி வந்தார். நல்ல மனுஷர். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். நாமம் போட்ட உருவத்தை விற்கிறவள் இராப்போஜனப் பந்தியில் கைநீட்டி அப்பம் வாங்குவது எப்படி என்று மூப்பர்கள் கேட்கிறார்களாம். பிழைப்பைக் கெடுக்க அவருக்கு மனமில்லை. நாமமும் பொட்டும் இல்லாவிட்டால் அது வெறும் மரப்பொம்மை, அதை விற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்றார்.

கிருபாபாய்க்கு அந்தப் பந்தி சின்ன விஷயமில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அவள் ஊரில் இருந்தால், காய்ச்சலானாலும் போய்விடுவாள். கடலில் இருக்கும் மாதங்களில் மனதுக்குள் எண்ணிக்கொண்டு இருப்பாள், இன்று சித்தூரில் பந்தி என்று. யாரோ பெற்ற பிள்ளையின் வாந்தியைத் துடைத்துக்கொண்டே திரிகிற வாழ்க்கையில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைக்கிற இடம் அது ஒன்றுதான்.

திருப்பதிக்குப் போய் நாகபூஷணத்திடம் கேட்டாள். அவர்தான் வழக்கமாகச் சரக்குக் கொடுக்கிற ஆசாரி. நெற்றியில் ஒன்றும் செதுக்காமல் பன்னிரண்டு ஜோடி வேண்டும் என்றாள். அவர் உளியை நிறுத்தாமலே சிரித்தார்.

"எனக்கு மொதல்ல வர்றதே நெத்திதாம்மா. நாமத்துக்கு கோடு கிழிச்சு அதுலேர்ந்துதான் கண்ணு, மூக்கு எல்லாம் அளந்துக்கினு கீழ எறங்குவேன். நாமத்த உட்டுட்டு செய்னா, கொட்டாங்குச்சி மூஞ்சிதான் வரும். பரவால்லியா?"

வேண்டாம் என்று, இருப்பதையே வாங்கி வந்தாள். வீட்டில் உட்கார்ந்து கண்ணாடிச் சில்லால் ஒவ்வொரு நெற்றியாகச் சுரண்டினாள். ஆணின் நாமம், பெண்ணின் பொட்டு. பிறகு மரவேலைக்காரர்கள் மெருகேற்றுகிற பிராய் இலையால் தேய்த்தாள். மூன்று நாள் வேலை. கை விரல்கள் சிவந்து வெடித்தன. தேவானந்தம் ஐயரிடம் ஒரு ஜோடியைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவருக்கு நிம்மதி. ஜெபம் பண்ணி அனுப்பிவைத்தார்.

புரட்டாசியில் கப்பல் ஏறினாள். ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையின் குடும்பம். குழந்தைக்கு ஆறு நாளும் வயிற்றுப்போக்கு. பினாங்கில் இறங்கியபோது அவளுக்குத் தரை ஆடியது. வழக்கம்போல இந்திராணி வீட்டுக்குப் போனாள். இந்திராணி வடமாலபேட்டைக்காரி. புருஷனுக்கு அங்கே ரயில்வேயில் கூலி வேலை. சமையல்கட்டை ஒட்டிய ஒரு ஓரத்தில் கிருபாபாய் படுத்துக்கொள்வாள், பதிலுக்கு ஒரு துண்டு கொடுப்பாள். பக்கத்துக் கூலிக் குடியிருப்பு லயன்களிலிருந்து பெண்களைக் கூட்டி வருவதும் இந்திராணிதான்.

அந்தத் தடவையும் பெண்கள் வந்தார்கள். துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். பொம்மையைக் கையில் எடுத்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், கீழே வைத்தார்கள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றாள் ஒருத்தி. நவராத்திரி நான்கு நாளில் வரப்போகிறது, அடுத்த மாசம் எதற்கு? ஒரு கிழவி மட்டும் எடுத்த வேகத்தில் கீழே போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் இப்படியே நடந்தது. பன்னிரண்டு ஜோடியும் அப்படியே இருந்தன.

இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இந்திராணி சொன்னாள். அன்றுதான் தொடங்கிய மூன்று நாள் தீட்டு என்று அவள் கொல்லைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீயே ஒண்ண எடுத்து வெளிச்சத்துல பாரு."

கிருபாபாய் பார்த்தாள். செஞ்சந்தனம் காற்றுப் பட்டால் கறுத்துப்போகும். உடம்பெல்லாம் கறுத்த சிவப்பாக இருக்க, சுரண்டிய நெற்றி மட்டும் பச்சைப் புண் மாதிரி பளிச்சென்றிருந்தது.

"பொட்டு வெக்காத பொம்மைன்னா வாங்கினு போயி அவங்களே வெச்சுக்குவாங்க. இது வெச்சு அழிச்சதுன்னு தெரியுது. அழிச்ச நெத்திய கொலுவுல எவ வெப்பா? நல்ல நாளும் அதுவுமா, தாலி அறுத்தவள நடுவுல நிக்க வெச்ச மாதிரி இருக்காது?"

சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பது யார் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிருபாபாய் பொம்மையைக் கீழே வைத்தாள். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். சுரண்டும்போது தோன்றவில்லை. சபையில் யாரும் பொட்டு வைப்பதில்லை, அழிப்பதும் இல்லை. முப்பத்தாறு வயதில் அவள் நெற்றியில் அழிப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பல். பொம்மைகளைத் திருப்பி எடுத்துப்போனால் நாகபூஷணம் வாங்கமாட்டார். அரிசிக்கு வழி இருக்காது. இன்னொரு அழைப்பு எப்போது வருமோ. முழங்கால் வீங்கிப்போன ஆயாவை எத்தனை துரைசாணிகள் எடுப்பார்கள்?

இந்திராணியே வழி சொன்னாள். விளக்கு மாடத்தில் நாமக்கட்டியும் குங்குமமும் இருக்கின்றன. குழைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டால் போதும்.

"நீயே வெச்சுடேன்" என்றாள் கிருபாபாய்.

"நான் இன்னிக்கு குங்குமத்த தொடக்கூடாதே. தலைக்கி ஊத்திக்கறதுக்குள்ள உன் கப்பல் பூடும்."

"நான் மட்டும்? தாலியறுத்தவ கையால வெச்சா ஆகுமா?"

"உங்க வேதத்துல அந்தக் கணக்கெல்லாம் இல்லியே. நம்ம ரெண்டு பேர்ல உன் கைதான் தேவல."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை.

கிருபாபாய் வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபம் பண்ண வரவில்லை. எழுந்து கைகழுவினாள், மாடத்திலிருந்து எடுத்துக் குழைத்தாள். ஈர்க்குச்சியால் வெள்ளைக் கோடு இரண்டு, நடுவில் சிவப்பு ஒன்று. பெண்ணுக்கு மோதிர விரலால் ஒரு பொட்டு. கோணலாகப் போனதைத் துடைத்து மறுபடி வைத்தாள். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. புதன்கிழமை மத்தியானத்துக்குள் பதினோரு ஜோடி போய்விட்டது. போட்டுவிட்டுப் போன கிழவி இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டாள். திரும்புகிற கப்பலில் ஆறு நாளும் உப்புத்தண்ணீரில் கழுவியும் நகக்கண்ணில் சிவப்பு கொஞ்சம் இருந்தது.

சித்தூர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பந்திக்கு முந்தின சனிக்கிழமை சாயந்திரம் ஆயத்தக் கூட்டம் நடக்கும். பந்திக்கு வருகிறவர்கள் வரிசையாகப் போய்ப் போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்காதவர்கள் மறுநாள் பந்தி தொடங்கும்போது வெளியே போய்விடுவார்கள்.

கிருபாபாய் வரிசையில் நின்றாள். அவள் முறை வருமுன்பே ஐயர் அவளைப் பார்த்துப் பெயரை எழுதிவிட்டார். சுகமாக வந்தாளா, சுரண்டினதெல்லாம் விற்றதா என்று விசாரித்தார். விற்றது என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. அவள் நகரவில்லை.

"சுரண்டினது விக்கல ஐயரே. திரும்ப என் கையாலியே வெச்சு வித்தேன். நாமமும் பொட்டும்."

ஐயர் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். இங்கே யாருக்கும் தெரியாது என்றாள்.

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க?"

"சொல்லாம அப்பம் வாங்கினா எறங்காது ஐயரே."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஐயர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், இனி அந்த பொம்மையைத் தொடுவதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், எழுதின பெயர் அப்படியே இருக்கட்டும், மூப்பர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு மேல் அவரால் இறங்கிவர முடியாது என்பது அவளுக்கும் தெரிந்தது.

கிருபாபாய் யோசித்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது முகத்தில் தெரிந்தது.

"மாட்டேன்னு சொல்ல முடியல ஐயரே. அடுத்த தடவ கூப்ட்டா பெட்டில இன்னா வெப்பேன்னு எனக்கே தெரியாது. வெறும் துண்ட வெச்சுக்கினு பத்து நாள் அங்க துன்ன முடியாது. பொய்யா வாக்கு குடுத்துட்டு எப்டி வர்றது?"

அவர் பேனாவை எடுத்துப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். எப்போது முடியும் என்று தோன்றுகிறதோ அப்போது வரச் சொன்னார். அவள் தலையசைத்துவிட்டு வரிசையிலிருந்து விலகினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்தாள். பாட்டுப் பாடினாள், பிரசங்கம் கேட்டாள். பந்தியின் மேல் மூடியிருந்த வெள்ளைத் துணியை எடுத்ததும், சிறு பிள்ளைகளோடும் பெயர் கொடுக்காத நாலைந்து பேரோடும் எழுந்து வெளியே வந்தாள். முழங்கால் வலித்தது. படியில் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளும் போயிருக்கலாம், அடுப்பு மூட்ட வேண்டும். ஆனால் நடுவில் போனால் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள். அவளுக்குக் கோபம் இல்லை. உள்ளே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.