அந்தப் படத்தில் அவன் வந்தானா

எழுத்தை நானே முயன்று கற்றவன் நான். எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே அதற்குரிய வயதைக் கடந்திருந்தேன். சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் பேருந்தின் பெயர்ப்பலகையையும் மளிகைப் பொட்டலம் சுற்றிய தாளையும் எழுத்துக்கூட்டி, ஒருவாறு வாசிக்கப் பழகினேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஜவ்வாது மலையில் எங்கள் சிற்றூரில் அந்நாளில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அதன் காரணமாகவே என் சொல்லை ஊரார் ஐயத்தோடு கேட்க நேர்ந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. எங்கள் ஊரில் ஒரு பெண் இருந்தாள். குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்கென்று போன அவள் கணவன் திரும்பவில்லை. ஆண்டுகள் சில கழிந்தும் தகவல் ஏதுமில்லை. அவள் மாமியாருடனேயே இருந்து சாமைக் கொல்லையைக் கவனித்து வந்தாள். இத்தகைய பெண்ணை ஊர் கூடி விடுவித்து மறுமணம் செய்விப்பது எங்கள் வழக்கம். ஆயினும் அவள் தன் வாயால் சரியென்று சொல்ல வேண்டும். அவளை மணக்க விரும்பிப் பெரியவர்கள் மூலம் முறைப்படி கேட்டிருந்தவன் நான். புளி வேலை முடிந்ததும் ஊர் கூடும் என்று ஊர்க்கவுண்டர் அறிவித்திருந்தார். அவளோ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்நிலையில் அவள் மாமியாருக்குத் திடீரென்று சினிமா ஆசை பிறந்தது. சந்தைக்கே எப்போதோ ஒரு முறை இறங்குகிறவள், மலையடிவாரத்து ஒடுகத்தூர் டூரிங் கொட்டகையில் ஓடிய ஒரு குறிப்பிட்ட படத்துக்கு மருமகளையும் அழைத்துக்கொண்டு போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் செய்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. கதையை யாரிடமோ முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாள் என்றே இன்றளவும் நம்புகிறேன்.

சந்தை முடிந்த மாலையில், நானும் அந்தப் பெண்ணின் அண்ணனும் உட்பட ஊரார் சிலர் மணலில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்தோம். பட்டாளத்துக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கும் கதை. முடிவில் மழை கொட்டுகிறது. அவள் கதவைச் சாத்தி, அதன் மேற்புறத்தில் கையை வைத்துச் சற்று நிற்கிறாள். பிறகு விளக்கைத் தணித்துப் படுக்கிறாள். அடுத்த காட்சியில் கணவன் வீட்டினுள்ளே நிற்கிறான். அவள் எழுந்து சிரித்தபடி அவனை நோக்கி நடக்கிறாள். அவ்வளவுதான். திரையில் எழுத்து விழுந்தது, கொட்டகையில் விளக்கு எரிந்தது.

"வந்துட்டான், பாத்தியா!" என்று மாமியார் மருமகளின் தொடையில் தட்டியதை நான் கவனித்தேன்.

வாதம் தொடங்கியது இரண்டு நாள் கழித்து, ஊர்க்களத்தில். எங்கள் ஊரில் புளியை ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே உடைப்பதில்லை. எல்லாரும் களத்தில் கூடி, இன்று உன் புளி, நாளை என் புளி என்று முறை வைத்துத் தட்டுவோம். கை தட்டிக்கொண்டே இருக்கும், வாய்க்கு வேலை வேண்டும்.

"பட்டாளத்துக்குப் போனவனே வந்துட்டான். தோட்டத்துக்குப் போனவன் வரமாட்டானா?" என்று மாமியார் ஆரம்பித்தாள்.

"அது கனவு, அத்த," என்றான் பெண்ணின் அண்ணன். "அம்மாம் மழையில வந்தவன் சொக்கா ஒரு பொட்டு நனையல, பாத்தியா?"

"கொட புட்சினு வந்திருப்பான்."

"கொடைய எங்க வெச்சான்?"

"வெளிய வெச்சான். உன்னாட்டம் வூட்டுக்குள்ள சொட்டச் சொட்ட எடுத்தாருவானா?"

களம் சிரித்தது. அண்ணன் விடவில்லை. "நாயி கொலைக்கவே இல்லியே?"

"அந்த வூட்ல நாயி ஏதுடா? இருந்தா காட்டு!"

அண்ணனின் பேச்சிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. தங்கை எனக்கு வாழ்க்கைப்பட்டால், அவன் கொல்லைக்கு உழவு நாளில் நான் ஓர் ஆளாகக் கிடைப்பேன் என்று அவன் கணக்குப் போட்டிருக்கக்கூடும். எனினும் அன்று அவன் என் பக்கம் நின்றான். ஆகையால் நானும் வாயைத் திறந்தேன்.

"நல்லபடியா முடிஞ்ச படத்துக்கு 'சுபம்'னு போடுவாங்க. இதுல 'வணக்கம்'னுதான் போட்டாங்க."

மாமியார் தட்டுவதை நிறுத்தினாள். "யாரு படிச்சது?"

"நான்தான்."

"அதான பாத்தேன்! உனுக்கு இன்னா தோதோ அதத்தான் நீ படிப்ப. எம்மவன் வராம இருந்தாத்தான உன் வூட்ல அடுப்பெரியும்?"

இம்முறை களம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. நான் சரியாகவே வாசித்திருந்தேன். ஆனால் அதை மெய்ப்பிக்க அங்கே இன்னொருவர் இல்லை. அவர்களுடைய பார்வையைக் கண்டு, நான்தான் அவசரத்தில் மாற்றி வாசித்துவிட்டேனோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெண்ணை நோக்கினேன். அவள் தலை நிமிரவில்லை. அவள் தடியின் ஓசை ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவ்வேளை புளி பார்க்க ஒடுகத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். புளியை விரலால் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே வாதத்தை முழுதும் கேட்டவர், பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டார்.

"இதுக்கா இம்மாம் பேச்சு? நானும் அந்தப் படத்தப் பாத்தேன். அந்தம்மா தாப்பா போட்டுட்டுதான படுத்துது? ஆளு எப்டி உள்ள வருவான்? செவுத்துல பூந்தா?"

களத்தில் தடிகள் நின்றுவிட்டன.

படத்தில் அவள் கதவின் மேற்புறத்தில் கை வைத்ததை நாங்கள் அனைவரும் பார்த்திருந்தோம். எதற்கென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எங்கள் வீடுகளுக்கு மூங்கில் படல்தான். உள்ளே வந்தால் சாய்த்து வைப்போம், வெளியூர் போனால் கயிற்றால் கட்டுவோம். தாழ்ப்பாள் என்ற பொருளை எங்களில் சிலர் கடைகளில் கண்டிருக்கலாம். ஒரு வீட்டுக்காரி அதை ஒவ்வோர் இரவும் போட்டுவிட்டுப் படுப்பாள் என்பது எங்கள் எண்ணத்துக்கே எட்டவில்லை. துயரம் தாளாமல் அவள் கதவில் சாய்ந்தாள் என்று நான் கொண்டிருந்தேன். சாமி கும்பிட்டாள் என்று அண்ணன் கொண்டிருந்தானாம். ஆகவே சட்டை, குடை, நாய் என்று எல்லாவற்றையும் ஆராய்ந்த நாங்கள், வழக்கைத் தீர்க்கக்கூடிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டோம்.

மாமியார் வியாபாரியை விட்டு என்மீது பாய்ந்தாள். "நீதான் சொல்லிக் குடுத்து இட்டாந்திருக்க!"

"ஆயா, இவர நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார் வியாபாரி. "நீங்க நம்பலன்னா போங்க."

அவள் நம்பவில்லை. அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் முதன்முறையாகப் பேசினாள். "ஏங்க, தாப்பா போட்டுட்டா வெளிய இருக்கறவங்க யாரும் வர முடியாதா?"

"உள்ள இருக்கறவங்க எடுத்து வுட்டாதாம்மா."

அவள் தலையசைத்துவிட்டுத் தடியை மீண்டும் கையில் எடுத்தாள்.

புளி வேலை முடிந்தது, ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் அவளிடம் கேட்டார். "சரிங்க," என்றாள். என் நெஞ்சு நிறைவதற்குள் அடுத்த வார்த்தை வந்தது. "ஆனா அவுங்க வூட்டுக்குத் தாப்பா வெச்ச கதவு போடணும்."

"நம்ப ஊர்ல திருட இன்னாம்மா இருக்குது?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"சாமயத் திருடவா வரப்போறாங்க?" என்று யாரோ சிரித்தார்கள். அவள் காரணம் சொல்லவில்லை.

ஒடுகத்தூர்த் தச்சரிடம் நிலையும் கதவும் செய்வித்து, அவள் அண்ணனும் நானும் தோளில் சுமந்து மலையேறினோம். மண்சுவரை இடித்து நிலையைப் பதித்தோம். எங்கள் ஊரில் தாழ்ப்பாள் கண்ட முதல் வீடு என்னுடையது. மணம் முடிந்த பின்னர் ஒரு நாள் அந்த மாமியார் வந்தாள். வாசலில் நின்றபடியே தாழ்ப்பாளை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள். அவள் மகன் கடைசிவரை வரவில்லை.

என் மனைவி ஒவ்வோர் இரவும் தன் கையாலேயே தாழ்ப்பாள் போடுவாள். நான் போட்டிருந்தாலும் எழுந்து சென்று சரிபார்ப்பாள். இது பல ஆண்டுகள் என் மனத்தை அரித்தது. அவன் வந்துவிடுவான் என்று அஞ்சுகிறாளா? வந்தால் தான் எழுந்து திறந்துவிடுவோம் என்று அஞ்சுகிறாளா? அல்லது நானும் ஒரு நாள் அவனைப்போல் இறங்கிப் போய்விடுவேன் என்று நினைத்துத்தான் அடைக்கிறாளா? ஒவ்வொன்றையும் மாறி மாறிச் சந்தேகித்தேன். கேட்கத் துணிவில்லை.

எங்கள் பெண்ணை மணம் செய்து கொடுத்த ஆண்டில், ஒரு பகற்பொழுதில், அவள் சாமை புடைத்துக்கொண்டிருக்கையில் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு எதுக்குத் தாப்பா கேட்ட?"

முறத்தை நிறுத்தாமலே சொன்னாள். "போட்டிருந்தா, வந்தது கனவுன்னு தெரிஞ்சிக்கலாம் இல்ல?"

அவன் எத்தனை முறை வந்தான் என்று நான் கேட்கவில்லை. உமி காற்றில் பறந்துகொண்டிருந்தது. அன்று முதல், அவள் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து படுத்த பின்பு, நானும் ஒரு முறை எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.