பசியைத் தொலைத்த சாரா மச்சி

எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அண்ணன் மனைவியை மச்சி என்போம். என் காக்கா ஜெகபர் சாதிக்கின் மனைவி சாரா உம்மாள். கோட்டைப்பட்டினத்தில் அவள் சிரித்தால் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். ஆள் நல்ல பருமன். சாப்பிட உட்கார்ந்தால் வயிறார, மனசார உண்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

காக்கா பினாங்கில் கடை வைத்திருந்தார். ஆறு வருஷம் கழித்து, நோன்புப் பெருநாள் முடிந்ததும் ஊருக்கு வருவதாக 1962-இல் தகவல் வந்தது. வீட்டில் யாருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரம்லத் பீவி வாயை வைத்தாள்.

"கப்பலேறிப் போன ஆம்பளைய நம்பலாமா? அங்கிட்டு ஒல்லி ஒல்லியாப் பொண்ணுகளப் பாத்துப் பழகின கண்ணு. நீ இப்புடிப் பூசணிக்காயா உக்காந்திருந்தா இன்னொருத்தியக் கட்டிக்கிட்டுப் போயிருவாரு."

வேடிக்கைக்குத்தான் சொன்னாள், பாழாய்ப் போனவள். மச்சியும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனதில் தைத்துவிட்டது.

அறந்தாங்கியில் அப்போது ஒருவர் புதிதாக போர்டு மாட்டியிருந்தார். படித்த டாக்டரா, வெறும் கம்பவுண்டரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உடம்பைக் கரைக்க ஹார்மோன் ஊசி, பசியை அடக்க மாத்திரை. பெருநாளுக்குச் சேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மச்சி வாராவாரம் பஸ் ஏறினாள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நோன்பு மாதம் பிறந்தது. பகலில் எல்லோருமே பட்டினி. இவள் பட்டினி யார் கண்ணுக்குத் தெரியும்? நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், ரெண்டு மடக்கு கஞ்சி. விடியுமுன் மற்றவர்கள் சஹர் சோறு உண்ண, இவள் யாரும் பார்க்காமல் மாத்திரையும் தண்ணீருமாக எழுந்துவிடுவாள். அந்த மாத்திரை தூக்கத்தையும் விரட்டிவிட்டதால் விடிய விடியக் குர்ஆன் ஓதினாள். உடம்பு வற்றியது, கண் உள்ளே போனது. ஊர்ப் பெண்களோ வணக்கத்திலேயே கரைகிறாள் என்று மெச்சினார்கள். தங்களுக்காக இறைவனிடம் துஆ கேட்கச் சொல்லித் தேடி வந்தார்கள். கை நடுங்கினால் அதுவும் இறையச்சமாம்!

பெருநாளுக்கு மறுநாள் ரம்லத் பீவி மகளுக்குக் கல்யாணம். எங்கள் விருந்துகளில் நாலு பேருக்கு ஒரு சகன் வைப்பார்கள். பெரிய தட்டில் சோறும் கறியும் குவிந்திருக்கும். சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்து உண்ண வேண்டும். எங்கள் மூன்று பேர் பக்கமும் பள்ளமாகிவிட்டது. மச்சியின் பக்கம் குவித்தது குவித்தபடியே இருந்தது.

"என்ன மச்சி, ஒங்க பக்கம் கையே படலையே?" என்றேன்.

"பசியே இல்ல ரசியா. பசின்னா எப்புடி இருக்கும்னே மறந்து போச்சு" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்தவள் அப்படியே என்மேல் சரிந்தாள். அவள் நெஞ்சு தறிகெட்டு அடித்தது.

கல்யாணக் காரிலேயே புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ரம்லத் பீவியும் கல்யாண வீட்டை விட்டுவிட்டுக் கூடவே ஏறிக்கொண்டாள். என்ன மருந்து சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டார். "மருந்தெல்லாம் இல்லங்க. நோன்பு வச்சு ராவெல்லாம் ஓதுனா" என்றாள் ரம்லத் பீவி.

"நோன்பு வச்சா நெஞ்சு இப்புடி ஓடாதும்மா. மறைச்சீங்கன்னா நான் வைத்தியத்த மாத்திச் செஞ்சுருவேன். அப்புறம் உயிருக்கே ஆபத்து."

மச்சி எங்களைப் பார்த்தாள். ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்திருந்ததே, அந்தப் பெயரை எங்கள் முன்னால் அவளே உடைக்க வேண்டும். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: "ஓதுனதால இல்ல. எளைக்கிறதுக்கு மாத்திர தின்னேன். ஊசியும் போட்டுக்கிட்டேன்."

ரம்லத் பீவி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு வைத்தியம் நேராக நடந்தது. "இன்னும் கொஞ்ச நாள் தின்னுருந்தா நெஞ்சு நின்னுருக்கும். இனிமே பயமில்ல" என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சுவரோடு சாய்ந்துவிட்டேன்.

கப்பல் இறங்கிய காக்கா நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். மச்சி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "இன்னும் முழுசா எளைக்கலங்க" என்றாள்.

காக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒன்னைய யாருடி எளைக்கச் சொன்னா? ஆறு வருசமா நெனச்சுக்கிட்டே இருந்தேனே, அந்த ஆளு எங்கடி?" என்று கத்தினார். கத்திக்கொண்டே அழுதுவிட்டார். அவளும் அழுதாள். அழுது ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பி, "ரசியா, பசிக்குது" என்றாள்.

ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தேன். காக்கா பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். கடைசித் துண்டை விழுங்கிவிட்டு மச்சி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சட்னி பத்தலடி."