கோகிலனின் மூன்றாவது கிம்பல்

கோகிலன் கடைக்குள் நின்று குதித்துக்கொண்டிருக்கிறார். கையில் ஒரு கிம்பல், அதன் நுனியில் ஒரு குட்டிக் கேமரா. மனிதர் மேலும் கீழும் போய் வருகிறார். கேமரா மட்டும், தனக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல் அசையாமல் நிற்கிறது. கிம்பலின் வேலையே அதுதான்: ட்ரோன் எவ்வளவு ஆடினாலும் கேமராவை ஆடவிடாமல் பிடித்துக்கொள்வது. குதித்தது போதாதென்று இப்போது காவடியாட்டத்தில் இரண்டு அடி எடுத்து வைக்கிறார். ஈப்போவில் ட்ரோன் சாமான் விற்கும் அந்தச் சீனக் கடைக்காரர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே பார்க்கிறார். அவருக்கு இது புதிதல்ல. இதே மனிதர் இதே இடத்தில் ஏற்கெனவே இரண்டு கிம்பலை வாங்கிப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தவர்.

"பாத்தீங்களாக்கா? கடையில சாமி மாதிரி நிக்குது. வீட்டுக்குப் போனா நடுங்குது. மோட்டாருக்குப் பலம் பத்தல லா" என்கிறார் என்னிடம். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, இதைவிடப் பலமானது இருக்கிறதா என்று மலாயில் கேட்கிறார். இருந்தது. கனமும் இருந்தது. கனம் கூடினால் ட்ரோன் சீக்கிரம் களைத்துப் போகும், பேட்டரி தாங்காது என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். "பரவால்ல, பலம்தான் முக்கியம்" என்று கோகிலன் அதையே வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் அவர். ஓடு செய்யும் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆட்டம் என்றாலே அவருக்கு ஆகாது. சாலையில் மேடு வந்தால் காடியை ஏறக்குறைய நிறுத்தி, அதனிடம் அனுமதி கேட்டு ஏறுவார். பின்னால் வருபவன் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோவான். எங்கள் தெருவில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக்கை எடுத்துவர அவரைத்தான் அனுப்புவோம். ரோஜாப்பூ ஒன்றுகூடக் கலையாமல் வந்து சேரும்.

இப்படிப்பட்டவர் எடுத்த படம் போன வருடத் திருவிழாவில் ஆடியதுதான் கொடுமை. செமோருக்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் அது. கித்தா மரம் போய் செம்பனை வந்துவிட்டது. கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. வெயிலில் நிற்க முடியாதவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து தேர் வருவதைத் திரையில் பார்ப்பார்கள். அந்தப் படத்தை மேலிருந்து பிடித்துக் கொடுப்பது கோகிலனின் ட்ரோன். போன வருடம் அதில் கிம்பல் கிடையாது. தேர் கப்பல்போல் சாய்ந்தது, கோபுரம் பல்டி அடித்தது. கூழ் குடித்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மங்களம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

கோயில் தலைவர் சின்னையா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, இந்த வருசம் சாமி ஆடலாம், படம் ஆடக்கூடாது. ஆடுச்சுனா வெளியாளப் போட்டுக்கிறோம். நீ பந்திக்குப் போயி சாம்பார் வாளியத் தூக்கு."

கோகிலனுக்கு அது சாதாரண மிரட்டல் இல்லை. அந்த வாளியைப் பல வருடம் தூக்கியவர் அவர். அப்போதெல்லாம் திருவிழாவில் அவருக்குப் பெயரே கிடையாது. "சாம்பார், இங்க வா!" என்பார்கள். ட்ரோன் வந்த பிறகுதான் கோகிலன் ஆனார். மறுபடியும் சாம்பார் ஆவதென்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

அவர் மனைவி துளசிக்கு வேறு கவலை. முதல் ட்ரோனைப் பூசை போடாமல் பறக்கவிட்டதில், அது நேராகப் போய், ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய ஈயக்குட்டையில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் கோயிலுக்குப் போகும். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், கடைசியில் மஞ்சள் கயிறு. இப்போதைய ட்ரோனின் காலில் ஒரு கயிறு ஏற்கெனவே இருக்கிறது. "அது அதுக்கு. புதுச் சாமானுக்குப் புதுக் கயிறு" என்று துளசி ஒவ்வொரு கிம்பலின் கழுத்திலும் இறுக்கிக் கட்டினார். திருப்பிக் கொடுக்கப் போகும்போது கோகிலன் அதைப் பக்தியோடு அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். எனக்கு அப்போதே லேசாகப் பொறி தட்டியது. சொல்ல வாயெடுத்தேன். துளசியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வெள்ளோட்டம். தலைவர் நடுநாற்காலியில். மங்களம் அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று கடைசி வரிசையில், கதவோரம். கோகிலன் வாசலில் நின்று ட்ரோனைக் கிளப்பினார். திரையில் கோபுரம் வந்தது; குளிர்ஜுரம் கண்டவன்போல் வெடவெடத்தது. படத்தின் மூலையில் மஞ்சளாக ஏதோ துடித்தது.

"என்னாது அது, வாலா?" என்றார் சின்னையா.

துளசி எழுந்து வாசலுக்குப் போனார், பின்னாலேயே நானும். "எறக்குங்க" என்றார். இறங்கியது. கிம்பலின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கட்டுனதுதான் புடிச்சு இழுக்குதா? உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

கோகிலன் செருப்பைப் பார்த்தார். "ரெண்டாவதுலயே தெரியும்."

"அப்ப ஏன் கடை கடையா அலைஞ்சீங்க?"

"கயித்தோட சேந்து நிக்கிற மாதிரி பலமா ஏதாச்சும் கெடைக்குமான்னுதான்... அவுக்கச் சொன்னா நீ பயப்படுவ லா."

துளசி முடிச்சை நகத்தால் நெம்பி, கயிற்றை அவிழ்த்துக் கைக்குள் மூடிக்கொண்டார். ஒரு மனிதன் மனைவியின் பயத்துக்குப் பயந்ததைப் பார்த்து நான் கண்கலங்கியது அதுதான் முதல் தடவை.

ட்ரோன் மறுபடி ஏறியது. திரையில் கோபுரம் அப்படியே நின்றது. ஒரு சிலையின் மூக்கில் உட்கார்ந்திருந்த காக்கைகூடத் தெளிவாகத் தெரிந்தது. மங்களம் அக்கா ஒரு வரிசை முன்னால் வந்தார். "சரி, நீயே பறக்க விடு, கோகிலா" என்று உள்ளேயிருந்து சின்னையாவின் குரல் கேட்டது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். துளசி மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், கயிறு இருந்த கையைத் திறக்காமல். ட்ரோன் செம்பனைக்கு மேலே சின்னதாகிக்கொண்டே போனது. கோகிலன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரிமோட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது மணிக்கட்டைத் துளசியின் பக்கம் நீட்டினார்.