சிஸ்டருக்கு ஊதுவது

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், காரிமங்கலத்துக்கு வெளியே சிஸ்டர்கள் நடத்திய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தோம். வீடில்லாமல் போய், குடியையும் விட்டுவிட்ட அப்பாக்களின் குடும்பங்கள் அங்கே ஆளுக்கோர் அறையில் தங்கலாம். அப்பா மறுபடி குடித்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்துவிட்டு வந்த எங்களுக்கு, கதவில் தாழ்ப்பாள் இருந்ததே பெரிய விஷயம். நான் சும்மாவே அதைப் போட்டுப் போட்டு எடுப்பேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வரும் அப்பாக்கள், கேட்டில் நின்று பெரிய சிஸ்டரின் முகத்துக்கு நேராக ஊதுவார்கள். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். பிறகுதான் உள்ளே விடுவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதால், எதையும் யாரிடமும் கேட்காமல் நானே விளங்கிக்கொள்வேன். நாம் கும்பிடுவதுபோல, கிறிஸ்தவர்களுக்கு ஊதுவதுதான் வணக்கம் என்று முடிவு செய்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் ஊதுவேன்.

"புளியங்கா தின்னுட்டு வர்றான் பாரு, திருட்டுப் பய!" என்பார் சிஸ்டர்.

மாம்பழ சீசனில் ஒரு நாள், அம்மாவின் அண்ணன் இண்டூரிலிருந்து வந்தார். அம்மாவையும் என்னையும் கையோடு கூட்டிப்போகத்தான் வந்திருந்தார். அப்பா வேண்டாமாம். வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"அந்தாளு திருந்தமாட்டான் புள்ள. துணிமணிய எடு, நம்ம வூட்டுக்குப் போலாம்."

"அவரு வந்துரட்டுங்ணா," என்றாள் அம்மா. ஆனால் துணியை மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

அப்பாவுக்கு மாம்பழக்கூழ் கம்பெனியில் அழுகல் பழம் பொறுக்கும் வேலை. அவர் கேட்டுக்கு வந்ததுமே மாமா எழுந்து போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"பாத்தியா! எட்டூருக்கு நாறுது."

"மாம்பழம் மச்சான்."

"ஆமாமா, பாட்டில்ல வர்ற மாம்பழம்!"

சிஸ்டர் மெதுவாக, "ஊதுங்க," என்றார். தினமும் ஊதுகிற அப்பா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, மடித்த சேலையோடு நின்றாள்.

வெளியூர் ஆள் முன்னால் அப்பா சிஸ்டரை மதிக்காமல் நிற்கிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, நீங்களுந்தான் வரும்போது ஊதல. மொதல்ல நீங்க ஊதுங்க, அப்பறம் அப்பா ஊதட்டும்."

சிஸ்டர் மாமா பக்கம் திரும்பினார். மாமா இரண்டடி பின்னால் நகர்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கென்னடா? நான் என்ன உங்கப்பனாட்டம்..."

அம்மா அவர் அருகே போய் நின்றாள். "அதான் வந்ததுலருந்து வெத்தலைய விடாம மென்னுக்கிட்டு இருந்தீங்களாண்ணா?"

மாமா துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பா ஒரு எட்டு முன்னால் வந்து, குனிந்து, நீளமாக ஊதினார். சிஸ்டர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"மாம்பழந்தான்."

அம்மா சேலையை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டாள்.

மாமா கடைசிவரை ஊதாமலேயே பஸ் ஏறினார். இப்படியும் மரியாதை தெரியாத ஒரு மனிதரா என்று வெகுநாள் அவர்மேல் எனக்கு வருத்தம். அப்பா அன்றைக்குப் படுக்கும்வரை யாரிடமும் பேசவில்லை. அவ்வளவு நன்றாக வணக்கம் வைத்தவருக்கு என்ன குறை என்று எனக்குப் புரியவேயில்லை.