படையல் சுண்டலும் என் கிடாயும்

கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் சீவுகிறவன் நான். எங்கள் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைச் சுண்டல் வாரம் ஒரு வீட்டு முறை. போன மாதம் எங்கள் முறை. “நானே செய்றேன்” என்று மனைவி அஞ்சலையிடம் வீறாப்பாகச் சொன்னவன், கொண்டைக்கடலையை ஊறவைக்க மறந்துவிட்டேன். அப்படியே அடுப்பில் ஏற்றி, அரைவேக்காட்டில் இறக்கினேன்.

ஜனங்கள் ஆளுக்கு நாலு கடலையோடு நழுவிவிட்டார்கள். சாமிக்குப் படைத்ததைக் கொட்டலாமா? மிச்சமிருந்த அரைச் சட்டியையும் நானே தின்று தீர்த்தேன்.

மறுநாள் மரம் சீவும்போது வயிறு உப்பி நெஞ்சை அடைத்தது. உயிர் போகிறதென்றே நினைத்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அஞ்சலையும் கூட ஏறினாள்.

“ஆத்தா, பொழச்சா நான் வளக்குற கெடாவ ஒனக்கு வெட்டுறேன்!” என்று கதறினேன்.

செம்மண் பாதையில் வண்டி குலுங்கக் குலுங்க, அடைத்திருந்த காற்று அதிர்வேட்டாய் வெளியேறியது. மாடுகள் மிரண்டன. வண்டிக்காரர் அச்சு முறிந்ததென்று குதித்துப் பார்த்தார். அஞ்சலை சிரித்த சிரிப்பில் என் அழுகையும் சிரிப்பாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, “வெறும் வாய்வுப்பா, சுடுதண்ணி குடி” என்று அனுப்பிவிட்டார்.

இப்போதெல்லாம் கடலையை முதல்நாளே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுங்குமளவு வேகவைக்கிறேன். இஞ்சியும் பெருங்காயமும் சேர்க்கிறேன். ஒரு கைப்பிடிக்கு மேல் தின்பதில்லை.

“வாய்வுக்கு யாராச்சும் கெடா வெட்டுவாங்களா?” என்று அஞ்சலையிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“பொழச்சீங்கல்ல?” என்றாள்.

வருகிற ஆடிப் பூசையில் தோட்டத்துக்கே கறிச்சோறு.