நனையாமல் எடுத்த குறிப்புகள்

கல்லூரியில் எங்களுக்குக் காலை முதல் மணி தத்துவம். அறிகிறவன் ஒருவன், அறியப்படும் பொருள் ஒன்று, இரண்டும் ஒருநாளும் இடம் மாறாது என்பார் பேராசிரியர். அங்கே ‘சப்ஜெக்ட்’ என்றால் ராஜா. உலகத்தையே உட்கார்ந்து பார்க்கிறவன். அடுத்த மணி மனோதத்துவப் பரிசோதனைக்கூடம். அங்கே ‘சப்ஜெக்ட்’ என்பவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். எதிரில் ஸ்டாப் வாட்சும் நோட்டுமாக இருப்பவன்தான் பார்க்கிறவன். வராந்தாவில் நாலு எட்டு நடப்பதற்குள் ராஜாவின் கதி இப்படி ஆகிவிடும். இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

விடுதியில் என் அறைக்காரன் சட்டம் படித்தான். அவன் கணக்கில் ‘சப்ஜெக்ட்’ என்கிற உரிமை உள்ள ஆள் ஒரு பக்கம், அவனுக்குச் சொந்தமான வீடு, வயல், மாடு எல்லாம் மறுபக்கம். புத்தி பேதலித்தவன் எந்தப் பக்கம் என்று ஒருநாள் கேட்டேன். ஆள் பக்கம்தான், ஆனால் அவனுக்காக இன்னொருவன் கையெழுத்துப் போடுவான் என்றான். செங்கோட்டையில் என் அம்மா பிறந்த வீட்டார் இன்னொரு ரகம், அவர்களுக்கு ‘சப்ஜெக்ட்’ என்றால் பிரஜை. சமஸ்தானம் போய், ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்து வருஷங்கள் ஆன பிறகும் தாங்கள் ராஜாவின் பிரஜைகள் என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். ஒருவனுக்குக் கீழே இருப்பதில் அப்படி ஒரு பெருமை. இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் எப்போதும் வாட்ச் பிடிக்கிற பக்கத்திலேயே இருந்ததால் அப்படி இருந்திருக்கும்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுத் தென்காசிக்கு வந்த வருஷம் வீட்டில் அண்ணன் இருந்தான். போலீஸில் கான்ஸ்டபிள். பொங்கலுக்கு லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. சோறு போட்டால் சாப்பிடுவான், கூப்பிட்டால் வருவான், அவ்வளவுதான். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஒரு மண்டலம் குற்றாலம் என்று முடிவு செய்தார். எங்கள் பக்கத்தில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தலை நிறைய எண்ணெய் வைத்து அருவியில் நின்றால் பித்தம் தெளியும் என்று சாரல் காலத்தில் எந்தெந்த ஊரிலிருந்தோ இப்படிப்பட்டவர்களைக் கூட்டி வருவார்கள்.

அருவியை நம்பிய அப்பா கூடவே வெளியூர் மனநோய் டாக்டர் ஒருவருக்கும் கடிதம் போட்டிருந்தார். படித்தவர் யாராவது கூட இருந்து ஒரு மாதம் தினமும் குறித்து அனுப்புங்கள், அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்வேன் என்று பதில் வந்தது. சேர்த்தால் அண்ணனுக்கு வேலை போய்விடும். அதைவிட, எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. அம்மா அடுக்களையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

“பாத்து எழுதுய்யா. ஒன் கையிலதான் இருக்கு” என்றாள்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு.

ஆனி பிறந்ததும் தினமும் காலையில் பஸ் பிடித்து இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்க்கிறவர் அண்ணனுக்கு உச்சி முதல் கால் வரை தேய்த்து அனுப்புவார். அவன் தண்ணீருக்குள் போய்விடுவான். நான் எதிர்ப் பாறையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அப்பாவின் கைக்கடிகாரமும் நோட்டும் நனையக்கூடாதே! தென்காசியில் பிறந்தவன், நல்ல சீசனில், முப்பது நாள் ஐந்தருவிக்குப் போய் ஒருநாள்கூடத் தலையைக் கொடுக்கவில்லை என்றால் எங்கள் ஊரில் நம்பமாட்டார்கள்.

முதல் நாள் ‘அண்ணன்’ என்று எழுதி அடித்துவிட்டு ‘சப்ஜெக்ட்’ என்று மாற்றினேன். பதினோராம் நாள் குறிப்பு இன்றும் எனக்கு மனப்பாடம். ‘சப்ஜெக்ட் தண்ணீர் மிக வேகமாக விழும் இடது ஓரத்தில் நாற்பது நிமிஷம் நின்றார். மற்றவர்கள் ஐந்து நிமிஷத்தில் விலகிவிடுகிறார்கள். குளிரோ வலியோ தெரிவதாகக் காணோம். வலது கை நீட்டியபடி விறைத்திருக்கிறது. சுற்றியிருப்பவர்களைப் பற்றிய பிரக்ஞை இல்லை.’ மற்ற நாட்களும் ஏறக்குறைய இதேதான். நிமிஷம் மட்டும் கூடிக்கொண்டு போனது. விழுகிற தண்ணீருக்குப் பின்னால் அவன் தலையும் ஒரு கையும் மட்டும்தான் எனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் எழுதினேன்.

முப்பது நாள் முடிந்ததும் அழகாகப் பிரதி எடுத்து அனுப்பினேன். நோய் முற்றியிருக்கிறது, உடனே அழைத்து வாருங்கள் என்று டாக்டர் எழுதினார். அப்பா அவனை ரயிலேற்றிக் கூட்டிப் போனார். வாசலில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தான். அம்மா அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மறுநாள் காலை பஸ் நேரத்துக்குக் கால் தானாக நடந்தது. ஐந்தருவியில் எண்ணெய் தேய்க்கிறவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி வரலையா தம்பி? ரெண்டு மூணு பேரு கேட்டாச்சு. அங்கன இடது ஓரத்துல பாறை சரிவு, பூரா பாசி. இந்தச் சித்தம் கலங்கின பாவப்பட்ட சனங்க உள்ள போகையில அவருதான் கையைக் குடுத்து நிறுத்துவாரு. அவரு நிக்காருங்கிற தைரியத்துலதான் பெத்தவங்க பிள்ளைகளை உள்ள விடுதாங்க. இன்னைக்கு ஒருத்தரும் விடல” என்றார்.

சற்றுத் தள்ளி, மொட்டை அடித்த ஒரு வாலிபனைத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். நேராக பஸ்ஸுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த ரயிலில் டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் நோட்டின் பிரதியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இப்ப நீங்க சொல்றது யாரோ சொல்லிக் கேட்டது. இது நீங்களே கண்ணால பார்த்து, நேரம் குறிச்சு எழுதினது. நான் எதை எடுத்துக்கட்டும்?” என்று கேட்டார்.

பரிசோதனைக்கூடத்தில் யாராவது கேட்டிருந்தால் நானும் நோட்டைத்தான் காட்டியிருப்பேன். அண்ணனை வைத்துக்கொண்டார்கள்.

ஆவணிக் கடைசியில் பார்க்க விட்டார்கள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சிமெண்டு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தப்பாக எழுதிவிட்டேன், மன்னித்துவிடு என்று என்னென்னவோ சொன்னேன். அவன் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

“ஏலே, அங்கன ஓரத்துல இப்ப யாரு நிக்கா?”

“ஆளு நிக்காங்கண்ணே” என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அன்றைக்கு பஸ்ஸுக்கு ஓடிய நான் அதன்பின் ஐந்தருவிப் பக்கமே போயிருக்கவில்லை.