நூற்றிருபது நாளில் ஒரு கடை

அசாம் ஜாவா என்ற சிற்றூரில் அந்தக் கடையின் தூணில் ஏல அறிவிப்பு ஒட்டியிருந்ததை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவது என் தொழில். மதியச் சுற்றை முடித்துவிட்டு, வேனை ஓரம் கட்டி, சாப்பிட இறங்கியிருந்தேன். அது ஒரு மூலைக்கடை. பதினோரு வருடமாக ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் அதை வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுக்கடை நடத்தி வந்தது.

"என்ன பாய், லெலோங் பேப்பர் ஒட்டியிருக்காங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"நான் மாசா மாசம் வாடகைய ஒழுங்காத்தான் குடுத்தேன் தங்கச்சி. கட்டடத்துக்காரன் பேங்க்ல கட்டல. இப்ப எவன் எடுக்கப் போறானோ, என்னைய இருக்க விடுவானோ, தெரியல."

"நீங்களே எடுக்கலாமே?"

"மக கல்யாணம் இப்பத்தான் முடிஞ்சுது. கையில ஒண்ணும் இல்லலா."

சாப்பிட்டு முடித்தபின் தூணருகே போய் அறிவிப்பை ஒரு வரி விடாமல் படித்தேன். ஏற்கெனவே இரண்டு முறை யாரும் கேட்காததால் விலை இறங்கியிருந்தது. விலையில் பத்து விழுக்காட்டை ஏலத்தன்றே வங்கிக் காசோலையாகக் கொடுக்க வேண்டும். மீதியை நூற்றிருபது நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும். ஒரு நாள்கூடக் கூடுதல் அவகாசம் கிடையாது.

அந்தப் பத்து விழுக்காடு என்னிடம் இருந்தது. வேன் ஓட்டி ஒன்பது வருடம் சேர்த்தது. சொந்தமாக இருக்க எங்களுக்குக் கம்பத்தில், கிராமத்துப் பக்கம், ஒரு வீடு இருந்ததால் இந்தப் பணத்தில் வாடகை வரும் இடமாக ஒன்று வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அவரிடம் சொன்னதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"கடை வாங்குறதெல்லாம் பெரிய மொதலாளி, தவுக்கேங்க வேல. நமக்கெதுக்கு?"

"நமக்கு ஏன் கூடாது?" என்றேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் நில அலுவலகத்துக்குப் போய்க் கட்டணம் கட்டி, பட்டாவின் விவரம் எடுத்துப் பார்த்தேன். நிரந்தர உரிமை நிலம். வங்கி அடமானத்தைத் தவிர வேறு யாரும் உரிமை கோரித் தடை போட்டிருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் மனம் உறுதியானது.

ஏலத்தன்று என்னோடு இரண்டு பேர் போட்டிக்கு வந்திருந்தார்கள். இருவருமே நல்ல சட்டை, நல்ல கைக்கடிகாரம். நான் வேன் ஓட்டும்போது போடும் அதே சட்டையோடு போயிருந்தேன். எந்த விலைக்குமேல் கேட்கக்கூடாது என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். ஒருவர் சீக்கிரமே ஓய்ந்துவிட்டார். இன்னொருவர் என்னைத் திரும்பிப் பார்த்தபடியே ஏற்றிக்கொண்டு போனார். என் கைக்கணக்குக்கு ஒரு படி கீழே அவர் நிறுத்திக்கொண்டார். அதிகாரி மூன்று முறை விலையைச் சொல்லிவிட்டு மேசையைத் தட்டினார். வங்கிக் காசோலையை எடுத்து நீட்டினேன். அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினேன்.

மீதிப் பணத்துக்குக் கடன் கேட்டபோது முதல் வங்கி மூன்று வாரம் இழுத்துவிட்டு முடியாது என்றது. இரண்டாவது வங்கி ஒரே வாரத்தில் முடியாது என்றது. இரண்டுக்கும் ஒரே காரணம்: சம்பளச் சீட்டு இல்லை. நாற்பத்தைந்தாம் நாள் மூன்றாவது வங்கியில் போய் உட்கார்ந்தேன். எதிரில் இருந்த அதிகாரி நம் தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

"ஆண்டி, பேஸ்லிப் இல்லாம கஷ்டம். இன்கம் டேக்ஸ் ஃபைல் பண்ணியிருக்கீங்களா?"

"ஏழு வருஷமா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருடம் பிறர் வேனை ஓட்டிவிட்டுச் சொந்த வேன் வாங்கியபோது உத்தரவாதக் கையெழுத்துக்கு ஆள் தேடி நான் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. அப்போதே, இனி என் வருமானத்துக்கு என் கையிலேயே சான்று இருக்க வேண்டும் என்று வருமான வரிப் பாரத்தை, அந்தக் கணக்குப் படிவத்தை, நிரப்பி அனுப்ப ஆரம்பித்தேன். கட்ட வேண்டிய வரி பல வருடம் ஒன்றுமே வராது. "கட்டாத வரிக்குக் கணக்கு எழுதுறா பாரு" என்று வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். ஏழு பாரங்களையும், பெற்றோர் கொடுத்த மாதக் கட்டணத்தின் ரசீதுப் புத்தகங்களையும் அந்த மேசைமேல் அடுக்கினேன்.

"வேன் ஓட்டுறவங்க இப்படி வச்சிருந்து நான் பாத்ததே இல்ல ஆண்டி," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இதோட கடையில இருக்கிற ஆளு தொடர்ந்து இருப்பேன்னு அக்ரிமெண்ட் குடுத்தா, மேனேஜர்கிட்ட நான் பேசிப் பாக்கிறேன்."

நேரே சாப்பாட்டுக்கடைக்குப் போனேன். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"மூணு வருஷம் எழுதிக்கலாம் பாய். வாடகைய ஏத்த மாட்டேன். கடை எம்பேருக்கு மாறுன நாள்லருந்து நடப்புக்கு வரும்."

"மூணு வருஷம் முடிஞ்சதும் எந்திரின்னு சொல்லிட்டா?"

"அடுத்த மூணு வருஷமும் மொதல்ல உங்களத்தான் கேக்கணும்னு அதுலயே எழுதச் சொல்றேன்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எனக்கு இத்தன வருஷத்துல யாரும் ஒரு காகிதம் போட்டுக் குடுத்ததில்ல தங்கச்சி. எல்லாம் வாய் வார்த்தைதான்," என்றார். வழக்கறிஞர் எழுதித் தந்த ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டு, முத்திரை வரி கட்டி, வங்கியில் கொடுத்தோம்.

எழுபத்திரண்டாம் நாள் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். "ஆண்டி, அப்ரூவ்ட்!" ஆனால் ஒப்புதல் வேறு, பணம் வெளியே வருவது வேறு. மதிப்பீடு, கடன் பத்திரம், முத்திரை என்று நாள்கள் ஓடின. நூற்று ஐந்தாம் நாள் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து அழைப்பு: பழைய சொந்தக்காரர் நில வரியும் நகராண்மைக்குரிய மதிப்பீட்டு வரியும் சில வருடமாகக் கட்டவில்லை, அந்த ரசீதுகள் இல்லாமல் வங்கி பணத்தை விடாது.

மறுநாள் என் கணவர் லோரிக்கு லீவு போட்டார். யாரும் சொல்லாமல் அவராகவே போட்டார். பாக்கியை நாங்களே கட்டினோம்: காலையில் நில அலுவலகம், பதினொரு மணிக்கு நகராண்மை அலுவலக முகப்பு. வரிசையில் எனக்காக நின்றது அவர்தான். ரசீதுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேனில் ஏறி, "ஓட்டு, சீக்கிரம்," என்றார். வழக்கறிஞர் அலுவலகத்தில் மதிய உணவுக்குக் கதவைச் சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நூற்றுப் பதினான்காம் நாள் பணம் கட்டியாயிற்று. சில மாதம் கழித்து என் பெயர் அச்சடித்த பட்டா வந்தது. மூலப்பட்டா வங்கியில் இருக்கும். எனக்குக் கிடைத்தது நகல்தான். இன்னாரின் மகள் என்று என் அப்பா பெயரும் அதில் என் பெயரோடு சேர்ந்து இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் இருந்து, அங்கேயே இறந்துபோனவர் அவர். அந்தப் பெயரை ஒரு நிலப்பத்திரத்தில் பார்த்ததும் வாய்விட்டு அழுதேன்.

இரண்டாம் வருடம் ஒரு முகவர் வந்து கண்ணைப் பறிக்கும் விலை சொன்னார். மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் முப்பது விழுக்காடு ஆதாய வரிக்கே போகும் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "விக்கிறதா இல்ல பிரதர்," என்று கணவர் சொல்லிவிட்டார். வாடகை கடன் தவணையை அடைத்து, வீட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறது. அந்த வருமானத்தையும் ஒவ்வொரு வருடமும் பாரத்தில் காட்டுகிறேன். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

போன மாதம் வேனில் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு தாய்மார் ராசா என்ற ஊரில் ஒரு ஏல வீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். பட்டா விவரம் எடுத்துப் பார்த்தோம். யாரோ உரிமை கோரித் தடை போட்டிருந்தார்கள். "இது வேணாம்," என்றேன். இருவர் முகமும் வாடிப்போனது. அடுத்த வாரமே புக்கிட் பெருந்துங்கில் தடை இல்லாத வீடு ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். கையில் பட்டா விவரத்தின் நகல். இம்முறை என்னைக் கேட்காமல் அவர்களே போய் எடுத்திருந்தார்கள்.